பழைய காரை நாமே பழுதுபார்க்கும்போது காப்பீட்டுத் தொகையை எந்த வழியில் பெறுவது?

கடந்த மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, வேளச்சேரிப் பக்கம் ஒரு சந்திப்பில் நின்றிருந்த என் 1968ஆம் ஆண்டு ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் இடது முன்பக்கத்தை, பின்னோக்கி வந்த சரக்கு வண்டி ஒன்று நசுக்கிவிட்டது. யாருக்கும் அடிபடவில்லை. வண்டியைக் கட்டி இழுத்து வந்து வீட்டு ஷெட்டில் நிறுத்தி, உடைந்த ஹெட்லைட் கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்தபோது, உள்ளே தகடு இரண்டு இடங்களில் கிழிந்திருந்தது. ஒரு கிழிசலின் விளிம்பு வெள்ளி போலப் பளபளத்தது. மற்றதன் விளிம்பு காப்பிப்பொடி நிறத்தில் இருந்தது. முதலாவது அன்று காலை கிழிந்தது. இரண்டாவது, எனக்குத் தெரியாமலே பல ஆண்டுகளாக அரித்துக்கொண்டிருந்த துரு. காப்பீட்டு நிறுவனம் முதலாவதற்குப் பணம் தரும், இரண்டாவதற்குத் தராது. சென்னையின் உப்புக்காற்றில் சில நாள் திறந்து கிடந்தால் இரண்டும் ஒரே நிறமாகிவிடும் என்பதால், மேற்கொண்டு ஸ்பேனரைத் தொடும் முன் படமெடுத்தேன். எடுத்து முடித்தபின் பளபளத்த விளிம்பில் விரலால் எண்ணெய் தடவி வைத்தேன்.

ஹெரால்ட், அம்பாசிடர், ஃபியட் 1100, பிரீமியர் பத்மினி போன்ற வண்டிகளை வைத்துக்கொண்டு, கூடியவரை தங்கள் கையாலேயே பழுதுபார்த்துக்கொள்கிறவர்கள் தமிழ்நாட்டில் கணிசமாக இருக்கிறார்கள். விபத்து நேர்ந்தால் அவர்கள் முன் ஐந்தாறு வழிகள் இருக்கின்றன. காப்பீட்டு நிறுவனம் காட்டும் பணிமனையில் வண்டியை விட்டுவிடலாம். சொந்த ஏற்பாட்டில் பழுதுபார்த்து ரசீது கொடுத்துப் பணம் பெறலாம். ரசீதே இல்லாமல் இழப்பை ரொக்கமாகத் தீர்த்துக்கொள்ளலாம். முழு இழப்பு என்று ஒப்புக்கொண்டு உருக்குலைந்த வண்டியைத் தம்மிடமே வைத்துக்கொள்ளலாம். இடித்த வண்டியின் காப்பீட்டிலிருந்து கேட்கலாம். ஒன்றுமே கேட்காமலும் விட்டுவிடலாம். எது நல்லது என்பது சேதத்தின் அளவைவிட, பாலிசியில் எழுதியிருக்கும் இரண்டு மூன்று விதிகளைப் பொறுத்தே இருக்கிறது. ஆகவே விதிகளை முதலில் பார்த்துவிடுவோம்.

பாலிசி என்ன சொல்கிறது

மோட்டார் காப்பீட்டில் சொந்தச் சேதத்துக்கு நாடு முழுவதும் ஒரே கட்டணம் என்ற முறை 2007 ஜனவரியில் முடிவுக்கு வந்தாலும், 2002ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் டாரிஃப் என்ற கட்டண விதித்தொகுப்பு வகுத்த பாலிசி வாசகங்களே அடிப்படையில் இன்றும் நம் கையில் இருப்பவை. அவற்றின்படி, பகுதிச் சேதத்தில் மாற்றப்படும் ஒவ்வொரு பாகத்துக்கும் தேய்மானம் கழிக்கப்படும். ரப்பர், நைலான், பிளாஸ்டிக், டயர், டியூப், பேட்டரி ஆகியவற்றுக்கு 50 விழுக்காடு. ஃபைபர் கிளாஸுக்கு 30 விழுக்காடு. கண்ணாடிக்குக் கழிவே இல்லை. உலோகமும் மரமும் உள்ளிட்ட மற்றப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழிப்பார்கள். பத்து ஆண்டுகளைக் கடந்த வண்டிக்கு அது 50 விழுக்காடு. பெயின்ட் வேலையில், பொருளுக்கான செலவில் மட்டும் பாதி கழியும். பொருளும் கூலியும் சேர்ந்த ஒரே ரசீதாக இருந்தால், மொத்தத்தில் 25 விழுக்காட்டைப் பொருளாகக் கணக்கிட்டு அதில் பாதியைக் கழிப்பார்கள். தேய்மானம் கழிக்காத கூடுதல் பாதுகாப்பைச் சில ஆண்டுகளே ஆன வண்டிகளுக்குத்தான் பெரும்பாலான நிறுவனங்கள் தருகின்றன; அறுபதுகளில் பிறந்த வண்டிக்கு அதை எதிர்பார்க்க வேண்டாம்.

கூலிக்குத் தேய்மானம் கிடையாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போகும் பரிந்துரை முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டின்மீதே நிற்கிறது.

அடுத்தது வண்டியின் மதிப்பு. ஐந்து ஆண்டுகளைக் கடந்த வண்டிக்கும், உற்பத்தி நின்றுபோன மாடலுக்கும், ஐ.டி.வி. எனப்படும் காப்பீட்டு மதிப்பு அட்டவணைப்படி வருவதில்லை. காப்பீடு செய்பவரும் நிறுவனமும் பேசி ஒப்புக்கொள்வதே மதிப்பு. புதுப்பிக்கும்போது இதைக் கவனிக்காமல் விட்டவர்களின் பாலிசியில், இரண்டு லட்சம் கொடுத்தாலும் கிடைக்காத வண்டிக்கு 40,000 என்றோ 50,000 என்றோ எழுதியிருப்பதைப் பார்த்து நான் வருந்தியிருக்கிறேன். பழுதுபார்க்கும் செலவு இந்த மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் வண்டி முழு இழப்பாகவே கருதப்படும். அதாவது 50,000 மதிப்புள்ள வண்டிக்கு 37,500 ரூபாய்தான் எல்லை. ஒரு ஃபெண்டரும் பெயின்டும் அந்த எல்லையைத் தாண்டப் போதும்.

இன்னொரு தவறான நம்பிக்கையையும் நீக்கிவிட வேண்டும். தங்கள் வண்டி விண்டேஜ் என்பதால் ஒப்புக்கொண்ட மதிப்பு தேய்மானமின்றி முழுதாகக் கிடைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். டாரிஃப் அந்தச் சலுகையைத் தருவது உண்மையே, ஆனால் 31.12.1940க்கு முன் தயாரிக்கப்பட்டு, இந்திய விண்டேஜ் அண்ட் கிளாசிக் கார் கிளப்பின் சான்று பெற்ற கார்களுக்கு மட்டுமே தருகிறது. அப்போதும் அது முழு இழப்புக்குத்தான் பொருந்தும். 2021இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம் 50 ஆண்டுகளைக் கடந்த வண்டியை விண்டேஜ் என்கிறது. ஆனால் அது பதிவுக்கான இலக்கணம், காப்பீட்டுக்கானது அன்று. அந்த விதியின் கீழ் வி.ஏ. என்ற எழுத்துகளோடு புதிய எண் பெற்ற வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டக் கூடாது என்பதையும், சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாததாக வண்டி இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும். என் ஹெரால்ட் வயதால் அந்த இலக்கணத்துக்குள் வந்தாலும், மூன்று எழுத்தில் தொடங்கும் பழைய மெட்ராஸ் எண்ணிலேயே வழக்கமான பதிவைப் புதுப்பித்து வைத்திருக்கிறேன்.

பதிவுப் புதுப்பிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். தற்காலிகப் பதிவு காலாவதியான பின் ஓடிய வண்டி விபத்துக்குள்ளான ஒரு வழக்கில், பதிவில்லாமல் ஓட்டியது பாலிசியின் அடிப்படை விதிமீறல் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆர்.சி. காலாவதியாகியிருந்தால், இனி நான் எழுதும் வழிகளில் சொந்த பாலிசியைச் சார்ந்தவை எல்லாம் பெரும்பாலும் அடைபட்டுவிடும்.

பணிமனையில் விடுவதா, வீட்டில் செய்வதா

கேஷ்லெஸ் முறையில், நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ள பணிமனையில் வண்டியை விட்டால், தேய்மானமும் கட்டாயக் கழிவும் போக மீதியை நிறுவனமே பணிமனைக்குக் கட்டிவிடும். கட்டாயக் கழிவு என்பது ஒவ்வொரு கிளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய தொகை: 1,500 சி.சி. வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய். புது வண்டிக்கு இது மிகச் சிறந்த வழி. நம்முடைய வண்டிக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை. இன்றைய பணிமனை, பாகத்தைக் கழற்றி எறிந்து புதுப் பாகத்தைப் பூட்டும் முறையில் பழகியது. ஹெரால்டைத் தயாரித்த ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா சென்னையிலேயே இருந்த நிறுவனம்தான் என்றாலும், அது மூடிப் பல காலமாகிவிட்டது. 1971க்குப் பின் இந்தியாவில் ஹெரால்டே வரவில்லை. இந்த வண்டியில் பானெட்டும் இரண்டு முன் ஃபெண்டர்களும் ஒரே கூடாகச் சேர்ந்து முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும். ஒரு ஃபெண்டரை மட்டும் கழற்றி மாற்றலாம் என்று நினைத்து எஸ்டிமேட் போட்ட பணிமனை ஒன்று, பின்னர் முழுக் கூடும் வேண்டும் என்று கையை விரித்தது. அதற்காக ஆறு மாதம் வெயிலிலும் மழையிலும் வண்டி நிற்க நேரும் என்பதை நினைத்து, நான் அங்கே விடாமல் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

இரண்டாவது வழி ரீயிம்பர்ஸ்மென்ட். நாம் தேர்ந்தெடுத்த ஆட்களிடம் வேலை வாங்கி, பணம் கட்டி, ரசீதுகளைக் கொடுத்துத் திரும்பப் பெறுவது. நாமே பழுதுபார்ப்பவர்களுக்கு இதில் ஒரு தடை உண்டு: நம் சொந்த உழைப்புக்கு நிறுவனம் கூலி தராது. உண்மையாகவும் நியாயமாகவும் ஆன செலவையே பாலிசி ஈடுசெய்கிறது. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஷெட்டில் கழித்த மணிகள் அதில் செலவாகாது. இதைக் கேட்டதும் பலர் மனம் தளர்ந்து பணிமனைக்கே போய்விடுகிறார்கள். அப்படிச் செய்ய வேண்டியதில்லை என்பதை என் வண்டியின் கணக்கைக் கொண்டே காட்டுகிறேன். தொகைகளை முழு ஆயிரங்களாகத் தந்திருக்கிறேன்.

முன்கூட்டையே மாற்றுவதென்றால் கூட்டுக்கு 60,000, ரேடியேட்டருக்கு 8,000, ஹெட்லைட் கிண்ணத்துக்கும் வளையத்துக்கும் 4,000, பெயின்டுக்கு 20,000, பூட்டும் கூலி 6,000 என மொத்தம் 98,000 ரூபாய் ஆகும். உலோகப் பாகங்கள் 72,000க்கும் பாதி கழிந்து 36,000 கிடைக்கும். பெயின்டில் 2,500 கழிந்து 17,500, கூலியில் முழு 6,000. ஆக 59,500, கட்டாயக் கழிவு போக 58,500. என் கையிலிருந்து 39,500 போகும்.

பழைய கூட்டையே டிங்கரிடம் கொடுத்து எடுப்பதென்றால், டிங்கரிங் கூலி 28,000, ரேடியேட்டரைச் சால்டர் வைத்து அடைக்க 2,000, ஹெட்லைட் 4,000, ரப்பர் பீடிங் 2,000, பெயின்ட் 20,000 என 56,000 ரூபாய். கழற்றுவதும் பூட்டுவதும் நானே என்பதால் அதற்குச் செலவில்லை. இதில் கூலியான 30,000 முழுதாகக் கிடைக்கும். ஹெட்லைட்டில் 2,000, ரப்பரில் 1,000, பெயின்டில் 17,500. ஆக 50,500, கழிவு போக 49,500. என் கையிலிருந்து போவது 6,500 மட்டுமே.

இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பழைய வண்டிக்குப் பாகத்தை மாற்றுவதே நஷ்டம் என்பது தெரியும். விலைக்கு வாங்கிய பாகத்தில் பாதியை விதி எடுத்துக்கொள்கிறது. கைவேலைக்குக் கொடுத்த கூலியை அது தொடுவதில்லை. பழைய வண்டியை நேசிக்கிறவரும் இதையேதான் விரும்புகிறார்: தொழிற்சாலையில் அச்சில் அடித்த அந்த முதல் தகடு வண்டியோடு இருக்க வேண்டும் என்று. காப்பீட்டு விதியும் நம் ஆசையும் ஒத்துப்போகும் இடம் இது ஒன்றுதான். அதை விட்டுவிடக் கூடாது.

ஆகவே என் பரிந்துரை இப்படி அமைகிறது. டிங்கரிங்கையும் பெயின்டையும் வெளியே கொடுங்கள். ரசீது கொடுக்கக்கூடியவரிடம் கொடுங்கள். கழற்றுவது, சுத்தம் செய்வது, ஒயரிங், பிரேக், பூட்டுவது ஆகியவற்றை நீங்களே செய்யுங்கள். மொத்தச் செலவில் இந்த வேலைகளுக்கான கூலி சிறியது என்பதால் அதை இழப்பது பெரிதாகத் தெரியாது, வேலையின் தரமோ உங்கள் கையில் இருக்கும். டிங்கரின் ரசீதில் ‘முன்பக்க வேலை 28,000’ என்று ஒரே வரியில் எழுத விடாதீர்கள். தகடு எடுத்தது, பிரேசிங் வைத்தது, முன்கூடு சாயும் கீல்குழாயை நிமிர்த்தியது என்று கூலியைத் தனித்தனியாகவும், வெட்டி வைத்த தகட்டின் விலையை வேறாகவும் எழுதச் சொல்லுங்கள். பொருளையும் கூலியையும் கலந்து எழுதினால், சந்தேகத்தின் பலனைப் பெறப்போவது நீங்களல்ல.

புதுப்பேட்டையில் வாங்கும் பழைய பாகத்துக்கும் எப்படியாவது ஒரு ரசீது வாங்கிவிடுங்கள். அங்கே துண்டுத்தாளில் கணக்கு எழுதித் தருவார்கள். கடையின் பெயரும் முத்திரையும் உள்ள தாளில் கேட்டால் பெரும்பாலோர் தரவே செய்கிறார்கள். ஜி.பி. ரோட்டில் கிடைக்கும் ரப்பர், பேரிங், கேபிள் போன்றவற்றுக்கு இந்தச் சிக்கல் இல்லை. நம் ஹெரால்டின் மூல வடிவமான டிரையம்ப் ஹெரால்டுக்கு இங்கிலாந்தில் இன்றும் பாகங்கள் செய்து விற்கிறார்கள். அங்கிருந்து வரவழைப்பதானால், வரவழைக்கும் முன்பே விலைப்பட்டியலை, நிறுவனத்தின் சார்பில் சேதத்தை மதிப்பிடும் சர்வேயரிடம் காட்டி, அவர் ஒப்புக்கொண்டதை மின்னஞ்சலில் பெற்றுவிடுவது அவசியம்.

சர்வேயரை எப்படி எதிர்கொள்வது

வீட்டில் பழுதுபார்க்கிறவருக்கும் நிறுவனத்துக்கும் வரும் தகராறுகளில் பெரும்பாலானவை, சர்வேயர் பார்க்கும் முன் வேலையைத் தொடங்கிவிடுவதால் வருபவை. 500 ரூபாய்க்கு மேற்பட்ட பழுதை நிறுவனத்துக்குச் சொல்லாமல் நாமாகத் தொடங்கும் உரிமையைப் பாலிசி நமக்குத் தருவதில்லை. வண்டியைக் கட்டி இழுத்துவர ஆகும் செலவுக்கு 1,500 ரூபாய் வரை தருகிறது. அடிபட்ட வண்டியை அப்படியே ஓட்டிவந்து அதனால் சேதம் கூடினால், கூடியது நம் தலையில்தான் விழும். ரேடியேட்டர் ஒழுகும் வண்டியை வீடுவரை ஓட்டி, எஞ்சின் சூடேறி ஹெட் வளைந்துவிட்டால், அதற்கு ஒரு ரூபாய் கூடக் கேட்க முடியாது.

என் வண்டியைப் பார்க்க வந்த சர்வேயர் நடுத்தர வயதுக்காரர். வந்ததும் பேசாமல் ஃபெண்டரின்மேல் விரல் மடக்கித் தட்டிக்கொண்டே நகர்ந்தார். நல்ல தகடு கணீரென்றது. கதவுக்கு அருகே ஓரிடத்தில் மொத்தென்று விழுந்தது. அங்கே முந்தைய உரிமையாளர் காலத்தில் பள்ளத்தை நிரப்பப் பூசிய பட்டி இருந்திருக்கிறது. “சார், இது பழசு. இதை நான் எடுத்துக்க முடியாது,” என்றார். நான் மறுக்கவில்லை. முன்னதாக எடுத்து அச்சிட்டு வைத்திருந்த படங்களை அவர்முன் வைத்து, எண்ணெய் தடவிய கிழிசலையும் துருப்பிடித்த கிழிசலையும் நானே பிரித்துக் காட்டினேன். துருவை விபத்தோடு சேர்த்துக் கேட்காத ஒருவரின் மற்றக் கணக்கை அவர் அதன்பின் ஐயத்தோடு பார்க்கவில்லை. கீல்குழாய் வளைந்ததை வெளியிலிருந்து காண முடியாது என்பதால், கழற்றியபின் மீண்டும் வந்து பார்க்க ஒப்புக்கொண்டு, எஸ்டிமேட்டில் அதற்கு ஒரு வரி ஒதுக்கிக்கொண்டார்.

கழற்றிய பாகம் எதையும் எறியாதீர்கள். வேலை முடிந்தபின் மறு ஆய்வுக்கு வரும்போது, மாற்றியதாகச் சொன்ன பழைய கிண்ணம் எங்கே என்று கேட்பார்கள். காயலான்கடையில் போட்டுவிட்டேன் என்றால் அந்த வரி அடிபடும். பெயின்ட் ஏறிய பின் உள்ளே நடந்த பிரேசிங்கை யாராலும் பார்க்க முடியாது என்பதால், பிரைமர் அடிக்கும் முன் ஒருமுறை படமெடுத்து அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.

ரொக்கத் தீர்வும் முழு இழப்பும்

சேதத்தைப் பழுதுபார்த்துத் தருவதா, பாகத்தை மாற்றித் தருவதா, இழப்பைப் பணமாகத் தருவதா என்று முடிவுசெய்யும் உரிமை பாலிசியின்படி நிறுவனத்துக்கு உண்டு. ஆகவே ரொக்கத் தீர்வை நாம் வேண்டலாம், வற்புறுத்த இயலாது. நிறுவனம் ஒப்புக்கொண்டால், சர்வேயர் கணித்த நிகரத் தொகையை ரசீதுகளுக்குக் காத்திராமல் தந்துவிடுவார்கள். செலவாகாத ஜி.எஸ்.டி. அதில் சேராது, தொகை ரசீது வழியில் வருவதைவிடக் குறைவாகவே இருக்கும். டிங்கரிங்கும் பெயின்டும்கூடச் சொந்தக் கையால் செய்யத் தெரிந்தவர்களுக்கும், பாகங்களை முன்பே சேர்த்து வைத்திருப்பவர்களுக்கும், வேலையை ஒரு வருடம் இழுத்துச் செய்யப்போகிறவர்களுக்கும் இது மிகவும் பொருந்தும். அவர்களிடம் காட்ட ரசீதே இருக்காது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: பணம் வாங்கியபின் பழுதுபார்த்து முடித்ததும் வண்டியை நிறுவனத்திடம் காட்டிப் பதிவுசெய்யாவிட்டால், அடுத்த விபத்தில் அதே ஃபெண்டருக்கு மீண்டும் கேட்கும்போது அது பழைய சேதம் என்று தள்ளப்படும்.

முழு இழப்பைப் பற்றி எழுதும்போது எனக்குக் கவலை மிகுகிறது; ஏனெனில் நம் ஊர்ச் சாலைகளில் ஓடியிருக்க வேண்டிய வண்டிகள் பல இந்த ஒரு கையெழுத்தால் காணாமல் போயிருக்கின்றன. என் வண்டியின் ஐ.டி.வி. 1,50,000 என்பதால் எல்லை 1,12,500. நான் அதை நெருங்கவில்லை. அது 80,000 ஆக இருந்திருந்தால் எல்லை 60,000. அப்போது பணிமனையின் 98,000 எஸ்டிமேட்டைப் பார்த்ததும் முழு இழப்பு என்று சொல்லியிருப்பார்கள். பாலிசியோ, ‘பாலிசியின் விதிகளுக்கு உட்பட்ட’ பழுதுச் செலவு 75 விழுக்காட்டைத் தாண்ட வேண்டும் என்கிறது. தேய்மானமும் ஒரு விதிதான். ஆகவே ஒப்பிட வேண்டியது கழித்தபின் வரும் 59,500ஐயே என்பது என் வாசிப்பு. நிறுவனங்கள் இதை எளிதில் ஏற்பதில்லை. எழுத்தில் கேட்டு, மறுப்பையும் எழுத்தில் பெறுங்கள். டிங்கர் வழியில் 56,000 என்று எஸ்டிமேட் கொடுத்திருந்தால் இந்த வாதமே தேவைப்பட்டிருக்காது. முதல் எஸ்டிமேட்டை யாரிடம் வாங்குகிறோம் என்பது வண்டியின் தலையெழுத்தையே மாற்றுகிறது.

சேதம் உண்மையிலேயே பெரிது, முழு இழப்பைத் தவிர்க்க முடியாது என்ற நிலை வந்தால், உருக்குலைந்த வண்டியின் விலையைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கும்படியும், வண்டியும் ஆர்.சி.யும் உங்களிடமே இருக்கும்படியும் கேளுங்கள். ஆர்.சி.யை ரத்துசெய்து சான்று கொண்டுவந்தால் தொகை கூடும் என்று ஆசை காட்டுவார்கள். ரத்தான ஆர்.சி.யோடு எவ்வளவு அழகாகப் பழுதுபார்த்தாலும் அந்த வண்டி சாலைக்கு வராது. சில ஆயிரங்கள் குறைந்தாலும் ஆர்.சி.யை விட்டுக்கொடுக்காதீர்கள்.

இடித்தவரிடம் கேட்பது, கேட்காமல் விடுவது

பழைய வண்டி வைத்திருப்பவர்களில் பலர் மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே எடுக்கிறார்கள்; வயதான வண்டிக்கு முழுக் காப்பீடு தர மறுக்கும் நிறுவனங்களும் உண்டு. அவர்களுக்குச் சொந்த பாலிசியிலிருந்து எதுவும் கிடைக்காது. தவறு எதிர் வண்டியினுடையது என்றால், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் அந்த வண்டியின் உரிமையாளர்மீதும் காப்பீட்டு நிறுவனத்தின்மீதும் மனு செய்யலாம். மூன்றாம் நபரின் சொத்துச் சேதத்துக்கு கார், சரக்கு வண்டி போன்றவற்றின் பாலிசிகள் வழக்கமாக 7.5 லட்சம் ரூபாய் வரை பொறுப்பேற்கின்றன. நம் பாலிசியின் தேய்மான அட்டவணை அங்கே நம்மைக் கட்டுப்படுத்துவதில்லை என்பது பெரிய ஆறுதல். அதே சமயம் காவல் நிலையத்தில் புகார் பதிவாகியிருக்க வேண்டும், 2019 திருத்தச் சட்டம் விதித்த ஆறு மாதக் கெடுவுக்குள் மனு போக வேண்டும், வக்கீல் வேண்டும், வாய்தாக்களுக்குப் பொறுமை வேண்டும். சொந்த பாலிசியில் பெற்ற தொகையை அங்கே மறுபடி கேட்க முடியாது. அந்தத் தொகையைத் துரத்தும் உரிமை இப்போது நம் நிறுவனத்துடையது. 6,500 ரூபாய்க்காக நான் அந்தப் படியை ஏறவில்லை. 39,500 என் கையிலிருந்து போயிருந்தால் ஏறியிருப்பேன்.

சிறு சேதமென்றால் கேட்காமல் விடுவதே லாபம். எவ்வளவு சிறிது என்பதற்குக் கணக்கு உண்டு. கிளெய்ம் செய்யாத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடியான என்.சி.பி.யை உச்ச அளவான 50 விழுக்காட்டில் வைத்திருப்பவர் ஒரு கிளெய்ம் செய்தால், அடுத்த புதுப்பிப்பில் அது பூஜ்யமாகி, பின் ஆண்டுதோறும் 20, 25, 35, 45 என்று ஏறிப் பழைய 50க்கு வந்து சேரும். இடைப்பட்ட ஐந்து புதுப்பிப்புகளில் இழக்கும் தள்ளுபடியைக் கூட்டினால் 50, 30, 25, 15, 5 என 125 விழுக்காடு வரும். அதாவது தள்ளுபடிக்கு முந்தைய ஓராண்டுச் சொந்தச் சேதப் பிரீமியத்தின் ஒன்றேகால் மடங்கு. என் பாலிசியில் அந்தப் பிரீமியம் சுமார் 5,000 என்பதால் இழப்பு 6,250. கழிவுகள் எல்லாம் போக அதற்கு மேல் நன்றாகக் கிடைக்கும் என்றால்தான் நான் விண்ணப்பத்தைத் தொடுவேன். பம்பரில் ஏற்பட்ட நெளிவுக்கு நான் இதுவரை கேட்டதில்லை.

நிறுவனத்தின் முடிவில் மனக்குறை இருந்தால், முதலில் அவர்களின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்தை அணுகலாம். அங்கே கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

என் வண்டி இப்போது சாலையில் இருக்கிறது. புதுப்பிக்கும் நாள் இன்னும் இரண்டு மாதத்தில் வருகிறது. டிங்கரின் ரசீது, பெயின்ட் ரசீது, பழுதுக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், இதே மாடல் வண்டி ஒன்று அண்மையில் கைமாறிய விலை ஆகியவற்றைச் சேர்த்து, ஐ.டி.வி.யை இரண்டு லட்சமாக உயர்த்தக் கேட்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். பிரீமியம் கொஞ்சம் கூடும். 75 விழுக்காட்டு எல்லையும் 1,50,000க்கு உயரும்.